வெந்நீர்த் தொட்டிக்கு மூணு பேஸ் லைன்

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். வாழ்நாள் பூரா லாரி ஓட்டித் தேய்ந்த இடுப்பு இது. வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார ஆசைப்பட்டது ஒரு குத்தமா?

ஆசையைக் கிளப்பிவிட்டவர் என் சகலை பிலோமின்ராஜ். பிரான்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பாரிசிலேயே தங்கிவிட்டவர். போன தடவை காரைக்கால் வந்தபோது சொன்னார்: "எங்க வீட்டுல தொட்டி இருக்கு சகலை. கரண்டுல தண்ணி சுடும், மோட்டார்ல சுழலும். கழுத்து வரைக்கும் உக்காந்தா வலி போன இடம் தெரியாது." அப்புறம் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இங்க எங்க அதெல்லாம் நடக்கும்!" என்றார்.

அந்தத் தட்டுதான் இடுப்பை விட வலித்தது. வர்ற கிறிஸ்துமசுக்கு அவர் வரும்போது என் கொல்லையில் தொட்டி தளதளவென்று கொதிக்கணும். முடிவு பண்ணிவிட்டேன்.

என் சம்சாரம் அற்புதத்திடம் சொன்னேன்.

"ஏங்க, கிரைண்டர் வேணும்னு கேட்டேனே, அப்ப என்ன சொன்னீங்க?"

"ஆட்டுக்கல்லு இருக்கு, கை இருக்குன்னேன்."

"உங்களுக்கும் கிணறு இருக்கு, வாளி இருக்கு."

"இடுப்பு இல்லையேடி!"

அதோடு விட்டுவிட்டாள். சண்டையே போடாமல் விட்டாள் பாருங்கள், அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

கொல்லை முழுக்கக் கடல் மணல். தண்ணி நிறைந்த தொட்டி ஒரு பக்கமாக இறங்கிவிடுமே! ஆழத் தோண்டி, செங்கல் ஜல்லி கொட்டி, இடித்து, மேலே கொத்தனாரை வைத்துச் சிமெண்டுத் தளம். அதில் பாதிக்குத் தொட்டி. மீதி மோட்டாருக்கு. தண்ணி ஓடத் தென்னைமரம் வரை வாய்க்கால். எர்த்துக்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் கொட்டினேன்.

"உப்பைப் பாத்துப் போடுங்க. கருவாடு போடவா போறீங்க?"

அவளுக்கு எல்லாம் இளப்பம்!

பாக்கி கரண்டுதான். தண்ணி சுட வைக்கிற காயிலுக்கு வீட்டு லைன் தாங்காது, மூணு பேஸ் வேணும். அற்புதமும் கூடவே வந்தாள். கரண்டு ஆபீசில் சுவாமிநாதன் என்று ஓர் இன்ஜினீயர்.

"எதுக்குங்க மூணு பேஸ்?"

குளிக்க என்று சொன்னால் ஊரே சிரிக்காதா? அற்புதம் காதோரமாக, "மாவு அரைக்கன்னு சொல்லுங்க" என்றாள்.

"மாவு அரைக்கங்க!" என்றேன், ஆபீசுக்கே கேட்கிற மாதிரி. என்ன மூளை இவளுக்கு என்று வழியெல்லாம் பூரித்துப்போனேன்.

லைன் வந்தது. பின்னாலேயே சுவாமிநாதனும் வந்தார்.

"மாவு மிஷின் எங்கங்க? மிஷின் இல்லேன்னா லைனைக் கழட்டிடுவோம்."

நான் அற்புதத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கு வந்துடும் சார். காபி சாப்பிடுங்க" என்றாள் அற்புதம்.

அவர் தலை மறைந்ததும் கேட்டேன். "எங்கேருந்துடி வரும்?"

"கும்பகோணத்துலேருந்து. அப்பவே சொல்லி வச்சாச்சு."

மறுநாள் ஆள் உயரக் கிரைண்டர் வந்து என் தளத்தில் உட்கார்ந்தது. போல்ட்டு ஒவ்வொன்றும் தளத்தில் விட்டிருந்த ஓட்டையில் கச்சிதமாக இறங்கியது. "கொத்தனாருக்கு அளவு நாந்தானே சொன்னேன்!" என்றாள்.

"சரி, சார் பாத்துட்டுப் போனதும் கழட்டிடணும்."

"எப்படிங்க கழட்டுறது? திருநள்ளாத்துல சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஓட்டல்காரங்க மாவு கேட்டிருக்காங்க. வாக்குக் குடுத்தாச்சே."

"அப்ப என் தொட்டி?"

"அவ்வளவு அரிசியை வேற எதுல ஊறப்போடுறதாம்?"

கிறிஸ்துமசுக்குச் சகலை வந்தார். வளைத்து வளைத்து இட்லி தின்றார். "பாரிசுல இந்த மாவு கிடைக்காது சகலை!" என்று அதே முதுகில், அதே இடத்தில் தட்டினார்.

கொல்லையிலிருந்து அற்புதத்தின் குரல் வந்தது. "ஏங்க, தொட்டியில இறங்கணும்னு ஆசைப்பட்டீங்களே, வாங்க! அரிசியை அள்ளியாச்சு."

இறங்கினேன், கையில் தொட்டி தேய்க்கிற தேங்காய் நாரோடு.