எக்கோவுக்கு எந்த விளையாட்டு?

கம்பம் பள்ளத்தாக்கில் மெதுவாகப் பேசத் தெரியாமல் பிறந்த ஒரே மனிதர் எங்கள் தெரு மைக்செட் மாமாதான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சின்னமனூர்ச் சுற்றுவட்டாரத்தில் அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும், வீட்டு முன்னால் உள்ள மைக்செட் கடையிலும் கையில் மைக் இருக்கும். "அன்பார்ந்த ரோசம்மா அவர்கள் எங்கிருந்தாலும் ஒரு டம்ளர் காபியுடன் கடை வாசலுக்கு வரவும்" என்று தினமும் காலையில் அறிவிப்பு வரும். ரோசம்மா அத்தை காபி கொடுத்தாரா, கோபத்தில் இருக்கிறாரா என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். மாமாவுக்கு ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறதாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் வீடு காட்ட மாட்டார்கள்.

இந்த மாமா ஒருநாள் கோம்பைக்குக் குழாய் கட்டப் போய்விட்டு, சட்டைக்குள் ஒரு கோம்பை நாய்க்குட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். செவலை உடம்பு, மை அப்பியது போலக் கருத்த மூஞ்சி. இவர் குரல் கொடுத்தால் அது திருப்பிக் குரைத்தது. எக்கோ என்று பெயர் வைத்தார்.

எக்கோ வளர்ந்தது. அதன் பிடிவாதமும் கூடவே வளர்ந்தது. கடிக்கிற நாய் என்று சொல்ல மாட்டேன். அதன் சட்டம் வேறு: உள்ளே விடும், வெளியே விடாது. கடைக்குள் வந்த எதுவும் மாமாவுக்குச் சொந்தம், அது வெளியே போகக் கூடாது. மைக்செட் வாடகை பேச வந்தவர்கள் பேசி முடித்துவிட்டு எழுந்தால், வாசலில் குறுக்கே படுத்தபடி ஒரு உறுமல். அவ்வளவுதான், திரும்பவும் உட்கார்ந்துகொள்வார்கள்.

மாதா கோயில் திருவிழாவுக்கு மைக்செட் சொல்ல எங்கள் பங்குச் சாமியாரே நேரில் வந்த அன்றுதான் வினை வந்தது. மாமா பக்கத்து ஊரில் இருந்தார். அத்தை தோட்டத்தில் இருந்தார். சாமியார் காலையில் போனவர், மதியம் வரை ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்று சாயங்காலம் அத்தை தீர்ப்புச் சொன்னார். "வந்தவுக போக முடியல. போகாதவுகளுக்கெல்லாம் நான் சோறு பொங்கிப் போட முடியுமா? திருவிழாவுக்குள்ள இதுக்கு ஒரு புத்தி வரணும். இல்லேன்னா வண்டன்மேட்டுல எந்தம்பி எஸ்டேட்டுக்குப் போயிரும்."

மாமா மைக்கை வாய் வரை கொண்டுபோனார். சத்தம் வரவில்லை. மைக்கில் கோளாறு எதுவும் இல்லை.

நான் அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கையில் போனும் நிறைய நேரமும் இருந்தன. ராத்திரியெல்லாம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டுக் காலையில் போய்ச் சொன்னேன்: காவல் புத்தியும் சுயபுத்தியும் உள்ள நாய்க்கு வேலை இல்லாவிட்டால் அதுவாகவே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அதற்குத் தோதான ஒரு விளையாட்டைப் பழக்கினால் அடங்கிவிடும். அடுத்த நிமிடமே தெருவுக்கு அறிவிப்பு போய்விட்டது. எக்கோ அவர்கள் விளையாட்டுத் துறையில் இறங்குகிறாராம்.

முதலில் ஓட்டப்பந்தயம். கடமலைக்குண்டுப் பக்கம் நாய்களை ஓடவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனோம். மாமா உணர்ச்சிவசப்பட்டுச் செருப்பைக் கழற்றிக் கோட்டுக்குப் பக்கத்தில் விட்டார். கொடி இறங்கியது. மற்ற நாய்கள் பறந்தன. எக்கோ செருப்புக்குக் காவல் நின்றது. ஓடிமுடித்துத் திரும்பிய நாய்களில் ஒன்றைக்கூட அது கோட்டைத் தாண்ட விடவில்லை. பந்தயம் நடத்தியவர்கள் மாமாவைக் கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

அடுத்தது தட்டு பிடிப்பது. நாம் எறிகிற பிளாஸ்டிக் தட்டை நாய் துள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து தர வேண்டும். எக்கோ அழகாகத் துள்ளிப் பிடித்தது. தரவில்லை. தட்டுகள் தீர்ந்ததும் மாமா சட்டி மூடிகளை எறிய ஆரம்பித்தார். சமையலுக்கு நேரமாகி அத்தை வந்து பார்த்தபோது, வீட்டு மூடிகள் எல்லாவற்றின் மேலும் எக்கோ படுத்திருந்தது. அன்று சோறு மூடாமல்தான் வெந்தது.

அப்புறம் தடை தாண்டும் பயிற்சி. திராட்சைப் பந்தலில் கழித்துப்போட்ட கல்லுக்கால், டயர், ஒரு பெரிய சிமெண்ட் குழாய் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். எக்கோ உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. சரி, நாமே செய்துகாட்டுவோம் என்று மாமா குழாய்க்குள் தவழ்ந்து போனார். ஆளைக் காணோம் என்றதும் எக்கோ பதறிவிட்டது. பாய்ந்து போய் வேட்டியைக் கவ்வி இழுத்தது. வேட்டி வந்தது, மாமா வரவில்லை. குழாய்க்குள்ளிருந்து, "பொதுமக்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று மட்டும் குரல் வந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

கம்பத்திலிருந்து ஒரு ஜிம் பையன் வந்தான். கையில் மெத்தை மாதிரித் தடித்த உறை மாட்டிக்கொண்டு கடிக்கவிடலாம், அதுவும் ஒரு விளையாட்டுதான் என்றான். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏலே, கடிக்கிறது அதுக்குத் தன்னால வரும். வராததச் சொல்லிக்குடுக்கத்தான நாங்க கெடந்து சாகுறோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது ஓடுற நாய் இல்ல ஆத்தா, நிக்கிற நாய். நிக்கிறதுல ஏதும் போட்டி இருக்கான்னு பாரு."

இருந்தது. மோப்ப விளையாட்டு. ஒரு வாசனையைப் பழக்கி, அந்த வாசனை உள்ள பொருளை ஒளித்துவைக்க வேண்டும். நாய் தேடிக் கண்டுபிடித்து அதன் முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். எக்கோவுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. என்ன வாசனை பழக்கலாம் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. வீட்டில் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது ஏலக்காய்.

ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன போடிக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஏலக்காயைத் தேடு என்று ஒரு நாய்க்குச் சொல்லிக்கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எக்கோ ஒரே வாரத்தில் தேறிவிட்டது. டீக்கடை முன்னால் உட்கார்ந்தது. மூட்டை ஏற்றிவந்த ஜீப் முன்னால் உட்கார்ந்தது. மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு மாமாவோடு போனபோது, மாப்பிள்ளைக்கு ஏலக்காய் மாலை போட்டிருந்தார்கள். எக்கோ நேராக மேடையேறி மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்துகொண்டது. பெண்ணைக்கூடக் கிட்டே வரவிடவில்லை. கண்டுபிடித்தது அதுதான் இல்லையா? மாலையைக் கழற்றி எக்கோ கழுத்தில் போட்ட பிறகுதான் தாலி ஏறியது.

திருவிழாவுக்குச் சில நாள்தான் இருந்தது. ஊரில் வேறு எங்கேயும் இல்லாத வாசனை வேண்டும். மாமா மைக் தலையில் மாட்டும் பழைய ஸ்பான்ஜ் ஒன்றைக் கழற்றினார். வருஷக்கணக்காக அவருடைய வெற்றிலை மூச்சு ஊறிய ஸ்பான்ஜ். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எக்கோ வாலை ஆட்டியது.

சப்பரம் புறப்படும் நேரம். அத்தையின் தம்பி எக்கோவைக் கூட்டிப்போக ஜீப்போடு வந்து நின்றார். சாமியார் ஜெபம் சொல்ல வேண்டும், மாமா தினமும் வாயருகே வைத்துப் பேசும் வயர் இல்லாத மைக்கைக் காணோம். பூ வண்டி, ஜெனரேட்டர் வண்டி எல்லாம் தேடியாயிற்று. மாமா வேர்த்துப்போய், பழைய ஸ்பான்ஜை எக்கோ மூக்கில் காட்டி, தேடு என்றார்.

கூட்டம் தானாக வழிவிட்டது. ஏலக்காய் மணக்கும் பாயாச அண்டா வந்தது. எக்கோ திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டியது. எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. நேராகப் போய்ச் சாமியார் முன்னால் உட்கார்ந்தது.

சாமியார் சிலையாகிவிட்டார். "ரோசம்மா, நான் எங்கயும் போகல. இங்கனதான் நிக்கிறேன்" என்றார்.

மாமா பணிவாகக் கும்பிட்டுவிட்டு அவருடைய அங்கிப் பைக்குள் கைவிட்டார். மைக் வந்தது. சோதித்துப் பார்த்துவிட்டுச் சாமியாரே மறதியாக உள்ளே போட்டிருக்கிறார். அதை வாங்கி ஆன் செய்து, ஊரே கேட்கச் சாமியார் சொன்ன முதல் வார்த்தை ஜெபம் இல்லை. "இப்ப நான் போகலாமா?"

சிரிப்பு அடங்கிச் சப்பரம் நகர வெகுநேரம் ஆயிற்று. அத்தை தம்பியிடம் போய், "ஜீப்பு சும்மா போக வேணாம்டா. தோட்டத்துல வாழைத்தாரு கெடக்கு, ஏத்திக்கிட்டுப் போ" என்றார்.

எக்கோ எந்தப் போட்டிக்கும் போகவில்லை. ஆனால் தினமும் ஸ்பான்ஜ் தேடுகிறது. தேடிக் களைத்த நாய்க்கு வாசலை மறிக்கத் தெம்பு இருப்பதில்லை. இப்போது கடைக்கு வந்தவர்கள் போகிறார்கள்.

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்ற மாமா குடும்பத்தோடு வந்தார், தோளில் ஸ்பீக்கரோடு. நான் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்பது வரை பஸ் ஸ்டாண்டுக்கே அறிவித்தார். கண்டக்டர் என் பையைத் தூக்கக் குனிந்தார். எக்கோ பையின் முன்னால் போய் அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. பையைத் திறந்தேன். அத்தை கொடுத்த இட்லிப்பொடிக்குக் கீழே, பாலிதீன் கவரில் சுற்றி, ஒரு துண்டு ஸ்பான்ஜ்.

மாமா ஸ்பீக்கரை அணைத்தார். "அது பெரிய ஊரு ஆத்தா. எங்கனயாச்சும் தொலைஞ்சு போனா, இது வந்து கண்டுபிடிச்சிரும்ல" என்றார்.

பக்கத்தில் நின்ற கண்டக்டருக்கு அது கேட்கவில்லை.