லிங்கராஜபுரத்தில் வாகனம் இல்லை

ஜனநாயகத்துக்கு நெற்றிக்கண் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ‘பெருந்திட்ட டெண்டர், நிதி மேற்பார்வைக் குழு’தான். அந்தக் கண்ணில் இதுவரை ஒரு தூசி விழுந்ததில்லை. காரை விட்டு இறங்கினால்தானே விழும்.

லிங்கராஜபுரத்தில் புதிய மேம்பாலத்துக்கு டெண்டர் தயாராக இருந்தது. கடன் தரும் வங்கி ஒரே ஒரு நிபந்தனை போட்டது: அங்கே நெரிசல் இருப்பதை எங்கள் குழு நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும். சான்று இல்லையேல் கடன் இல்லை. கடன் இல்லையேல் பாலம் இல்லை. பாலத்துக்காக வருடக்கணக்கில் மனு கொடுத்துவரும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆம்ப்ரோஸ், அந்தச் சாலைச் சந்திப்பிலேயே நின்று நிலவரத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் தலைவர் சேஷகிரி, ஓய்வுபெற்ற உயரதிகாரி. ஆய்வுக்கு அவர் கிளம்பினால் போலீஸ் ‘ஜீரோ டிராஃபிக்’ மரியாதை செய்யும். அதாவது, அவர் கார் கடக்கும்வரை மற்ற எல்லாரையும் பக்கத்துத் தெருக்களில் நிறுத்திவிடும். அப்படியே போய்ச் சேர்ந்தோம். நடுச்சாலையில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னம்மா லாவண்யா, நெரிசல்னாங்க. கிரிக்கெட் ஆடலாம் போலிருக்கே?”

“நமக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க சார்,” என்றார் நிதி உறுப்பினர் லாவண்யா.

“கண்ணால பாக்கறதைத்தான் எழுதணும். யாரோ எங்கயோ நிக்கறாங்கன்னா அது வதந்தி.”

அப்போது ஆம்ப்ரோஸ் போனில் வந்தார். “சார், பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். நடந்து வரலாம்னா போலீஸ்காரர் ‘பிடல்லா, பிடல்லா’ன்னு, விடமாட்டேன்னு லத்தியைக் குறுக்கே நீட்டறார். ஒருதரம் இந்தப் பக்கத்துத் தெருவுல எட்டிப் பாருங்க சார்.”

“பாலம் வேணும்கறவர் டயத்துக்கு வரவேண்டாமா மிஸ்டர் ஆம்ப்ரோஸ்? ரோடு காலியாத்தானே கிடக்கு.”

“எந்த ரோடு சார்?”

தலைவர் போனை வைத்துவிட்டார்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். ‘வாகனங்கள்: இல்லை. பொதுமக்கள்: ஆர்வம் இல்லை. நாய்: ஒன்று.’ நாயைச் சேர்த்தது துல்லியத்துக்காக. நாட்டுக்கு மிச்சப்படுத்திய கோடிகளுக்காக எங்களை நாங்களே பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டோம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குள் அறிக்கை அரசுத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் இருக்கவேண்டும். ஆய்வு முடிந்ததால் போலீஸ் மரியாதையும் முடிந்திருந்தது. தலைவர் வீட்டிலிருந்து எல்லாரையும்போல லிங்கராஜபுரம் வழியாகக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது பிற்பகல்.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். ‘வழியில் கடும் போக்குவரத்து நெரிசல்’ என்று எழுதித் தலைவர் கையெழுத்திட்டார்.

அறிக்கை, விளக்கம் இரண்டையும் அரசு அன்றே ஏற்றுக்கொண்டது.