வாசலில் ஒரு நீல நாற்காலி

"நாளைக்குக் காலையில அனுப்பிடுறாங்களாம். இங்க பாருங்க, நம்ம வீட்டு வாசல்லதான் நான் இறங்கணும். ஒரு அடி கூட நடக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி மனைவி இதைச் சொன்னபோது, கண்ணாடிக்காரர் "அதுக்கென்ன, பேஷா" என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை. மூக்குக்கண்ணாடிக் கடையில் யார் எந்த ஃபிரேமை மாட்டிக்கொண்டு நின்றாலும், "உங்களுக்குன்னே செஞ்சது" என்று நாள் முழுக்கத் தலையாட்டிப் பழகியவர்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த பிறகுதான் அவசரப்பட்டுத் தலையாட்டிவிட்டோம் என்று புரிந்தது. வாசலுக்கு நேர் எதிரே ஒரு கார் நிறுத்துகிற அளவுக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் நட்டநடுவில் அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி, வந்தவன் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

தெரு என்னவோ பொதுத் தெருதான். யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு சட்டம் உண்டு. வாளி வைத்திருந்தால், "கடைக்குப் போயிருக்கிறேன், இதோ வந்துவிடுவேன்" என்று பொருள். பூந்தொட்டி வைத்திருந்தால் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். பழைய டயர் என்றால் இடம் நிரந்தரமாக ஒருவருக்குச் சொந்தம். நாற்காலி இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் மேலே. அதைத் தொடுவதும் அதில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சட்டையைப் பிடித்துத் தூக்குவதும் ஒன்று. கண்ணாடிக்காரர் இங்கே குடிவந்த புதிதில், எங்கிருந்தோ வந்த ஒருவர் விவரம் தெரியாமல் வெறும் வாளியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்தினார். சாயங்காலம் வந்து பார்த்தால் காரைச் சுற்றி நாலு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். வீடு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மனுஷன் வீடு போய்ச் சேர்ந்தார். வாளிக்கே இந்தக் கதி.

கண்ணாடிக்காரரும் மனைவியும் இந்தத் தெருவுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. வந்த நாளிலிருந்தே நாற்காலி அங்கேதான் இருக்கிறது. அதற்கு உரிய கார் ஒரு நாள் கூட வந்ததில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று இவர் மூன்று தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு நடந்துகொண்டிருந்தார். அப்படித்தான் போன வாரம் மழையில், கையில் காய்கறிப் பையோடு நடந்து வந்த மனைவி சாக்கடை ஓரத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த நாற்காலிக்காரன் நல்லாயிருப்பானா?" இரண்டாவதாகச் சொன்னதுதான் இவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. "அதைத் தூக்கிப் போட வீட்டுல ஒரு ஆம்பளை இல்ல."

இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமே என்றால், அதுவும் நடக்காது. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற இடம். ஒரு நிமிஷம் நின்றால் பின்னால் பத்து ஹாரன் கத்தும். மாவுக்கட்டோடு இருப்பவள் இறங்கக் கதவை முழுசாகத் திறக்க வேண்டும், ஆற அமர இறங்க வேண்டும். அந்த இடத்தை விட்டால் வேறு வழியே இல்லை.

சரி, நாற்காலிக்குச் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடித்து முறையாகக் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார். முதலில் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர். உள்ளே யாரோ ஒரு பெண் தொண்டையைச் சாதகம் என்ற பெயரில் வதைத்துக்கொண்டிருக்க, டீச்சர் கதவைத் திறந்தார்.

"வாசல்ல ஒரு நீல நாற்காலி இருக்கே டீச்சர், அது யாரோடதுன்னு…"

டீச்சரின் முகம் சட்டென்று மாறியது. "ஏன் சார், நாங்க ஏதாவது தொட்டுட்டோமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"தெரிஞ்சுக்கலாம்னு" என்று அவர் சொன்னதையே கீழ் ஸ்தாயியில் திருப்பிச் சொன்னார் டீச்சர். "நல்லா இருக்கு சார், நீங்க கேக்குறது." கதவு சாத்தப்பட்டது.

பெயரைச் சொல்லவே இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் ஆள் பெரிய கையாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரருக்கு உறைத்தது. பெரிய கையை எப்படிச் சமாளிப்பது? கடையில் கோபத்தோடு வரும் வாடிக்கையாளருக்கு வெல்வெட் வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்தால் பாதி கோபம் இறங்கிவிடும். அதே வைத்தியத்தை இங்கேயும் செய்து பார்க்கலாமென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாற்காலியின் மேல் பவ்வியமாக வைத்தார். வைத்த கையோடு லேசாகக் குனிந்து ஒரு வணக்கமும் போட்டார். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் திரைச்சீலை அசைந்த மாதிரி இருந்தது. அப்படியானால் சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கதவைத் திறந்தால், கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே அதே சீப்பு. ஒரு பழம் கூடக் குறையவில்லை.

கண்ணாடிக்காரர் அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொடுத்ததைத் திருப்பி அனுப்புகிறவன் சாதாரண ஆள் இல்லை. அதுவும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்து, விடியுமுன் வாசல் வரை வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கேட்காமலே இருந்திருக்கலாம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டார்.

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது காற்றும் தூறலும் சேர்ந்து அடித்தன. ஜன்னல் வழியே பார்த்தால், நாற்காலி மல்லாந்து கிடந்தது. அவருக்கு அற்ப சந்தோஷம். அப்படியே உருண்டு போய்த் தொலையேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்ட அதே நேரம், எதிர்வீட்டு ஜிம் மாஸ்டர் வெறுங்காலோடு ஓடிவந்தார். மாஸ்டருக்குத் தலையும் கழுத்தும் ஒரே அகலம். அவர் நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, தன் தோளில் கிடந்த துண்டால் ஈரத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு இவருடைய ஜன்னலை நிமிர்ந்து ஒரு பார்வை.

ஆக, இவர்தான். வாயில் நுரையோடு கண்ணாடிக்காரர் அப்படியே நின்றார். வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"மாஸ்டர், ஒரு சின்ன வேண்டுகோள். இன்னைக்கு மட்டும் அந்த நாற்காலியைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

மாஸ்டர் தூக்கிப் பழகிக்கொண்டிருந்த இரும்புக் குண்டைக் கீழே வைத்தார். "என்னையா கேக்குறீங்க?"

"உங்களைத்தான்."

"எடுக்கறதும் வைக்கறதும் என் கையிலயா இருக்கு?" குரல் ரொம்பத் தணிவாக இருந்தது, கத்தியிருந்தால் கூடப் பயம் குறைவாக இருந்திருக்கும். "விழுந்து கெடக்கேன்னு தூக்கி வச்சேன். அது தப்பா சார்?"

"தப்பே இல்ல. அழகா துடைச்சும் வச்சீங்க."

"அப்புறம் எதுக்குக் காலங்காத்தால வந்து குத்திக் காட்டுறீங்க?"

ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வரும் வழியில் இன்னொரு காட்சி. பாட்டு டீச்சர் நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தைப் பெருக்கினார். பெருக்கி முடித்ததும் நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்துக் கண்ணாலேயே அளவு பார்த்தார். இவரைக் கண்டதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். ஓஹோ, இவரும் கூட்டா? தெருவே சேர்ந்துகொண்டு ஒரு நாற்காலியை வளர்க்கிறதா? இதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, மனைவியை முதுகில் சுமந்து வந்துவிடலாம். இரண்டு குறை சொல்வாள், சொல்லட்டும். முன்னே பின்னே சுமந்து பழக்கமில்லாததால் ஒத்திகை பார்ப்பது நல்லது என்று தோன்றியது. வீட்டில் இருக்கிற புத்தகங்களையெல்லாம் பெரிய சூட்கேஸில் அடைத்தார், முதுகில் ஏற்றினார், கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் இடுப்பில் "மளுக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவரால் நிமிர முடியவில்லை.

கேள்விக்குறி மாதிரி வளைந்து வார்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து நர்ஸ், அட்மிஷன் கீழே என்று வழிகாட்டினாள். மனைவி மேலும் கீழும் பார்த்தாள். இவர் ஒன்றையும் மறைக்காமல் டீச்சர், வாழைப்பழம், மாஸ்டர், சூட்கேஸ் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். உன்னிடம் பெரிதாகத் தலையாட்டிவிட்டேன், என்னால் முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வண்டியை எடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பின்சீட்டில் காலை நீட்டி, இரண்டு ஊன்றுகோல்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். மூன்று தெரு தள்ளி வழக்கமான இடம் வந்தபோது இவர் வேகத்தைக் குறைத்தார். "நம்ம வாசலுக்கு" என்றாள். தெருவுக்குள் திரும்பி நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். உடனே பின்னாலிருந்து ஒரு ஹாரன், அதைத் தொடர்ந்து இன்னொன்று. இறங்கிப் போய் எடுக்கலாமென்றால் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மனசும் இடம் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னால் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக ஓர் ஊன்றுகோல் நீண்டு வந்தது. அது நாற்காலியின் கையில் கொக்கி போட்டு ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு ஒரு தள்ளு. நாற்காலி நடைபாதை ஓரமாகப் போய்த் தடாலென்று விழுந்தது.

"ம், நிறுத்துங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. முன்னும் பின்னுமாக நகர்த்திக் காரை உள்ளே விட்டார். அந்த நிலையிலும், சொந்த வாசலில் வண்டி நிற்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதற்குள் கதவுகள் திறந்துவிட்டன. ஒரு பக்கத்திலிருந்து பாட்டு டீச்சர், இன்னொரு பக்கத்திலிருந்து சட்டைக் கையை மடித்தபடி மாஸ்டர்.

கண்ணாடிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு எப்படியோ வெளியே வந்தார். இடுப்பு ஏற்கனவே வளைந்திருந்ததால் தனியாகக் குனிய வேண்டிய வேலை மிச்சம். "மன்னிச்சிடுங்க. என் மனைவிக்குக் கால் உடைஞ்சிருக்கு. அவளால நடக்க முடியாது. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க, அவளை மட்டும் இறங்க விடுங்க."

மாஸ்டர் அவரைத் தாண்டி நடந்தார். நேரே போய் விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்தார். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது, நாற்காலி கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"உக்காருங்கம்மா, பார்த்து" என்றார் மாஸ்டர். அவள் உட்கார்ந்ததும் நாற்காலியோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஊன்றுகோல்களை டீச்சர் வாங்கிக்கொண்டார். கால் உடைந்த விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பக்கத்தில் மனுஷங்கதானே இருக்கிறோம் என்று கண்டித்துக்கொண்டே பின்னால் வந்தார். கட்டு பிரிக்கிற வரைக்கும் மத்தியானச் சாப்பாடு தன் வீட்டிலிருந்துதான் என்று படியிலேயே அறிவித்தும் விட்டார்.

கூடத்தில் மனைவியை சோபாவுக்கு மாற்றி, காலுக்கடியில் தலையணை வைத்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்கு மூச்சு வந்தது. அப்பாடா! இவ்வளவுதானா? இதற்காகவா ராத்திரியெல்லாம் பயந்தோம், இடுப்பை உடைத்துக்கொண்டோம்? மனைவி வேறு அவரைப் பார்த்துச் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நல்ல மனசுக்காரர்களிடம் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றார். "உங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இப்பவாவது சொல்லிடுங்க, இந்த நாற்காலி உங்கள்ல யாரோடது?"

டீச்சர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். அப்புறம், அவ்வளவு பெரிய உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி மாஸ்டர்தான் சொன்னார்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க, நீங்க குடிவந்த அன்னைக்கு உங்க சாமான் கொண்டுவந்த லாரிக்காரங்கதானே இதை அங்க போட்டுட்டுப் போனாங்க, நீங்க போட்ட நாற்காலியைத் தொட்டா என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டு, நானும் டீச்சரும் ரெண்டு மாசமா மூணு தெரு தள்ளி வண்டியை நிறுத்திட்டு நடந்து வர்றோம்."