அதுவா இதுவா அண்ணன் செய்த பெல்

மலாக்கா மாநிலத்தில் 'அதுவா இதுவா' அண்ணனைப் போல முடிவெடுக்கத் தெரியாத மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க மாட்டார். உம்பாயில் மீன் சுட்டுத் தரும் கடைக்குக் கூட்டமாகப் போவோம். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போதும் அவர் ஐஸ் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருப்பார். கடைக்காரரே ஒரு மீனை எடுத்து அடுப்பில் போட்டால்தான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு.

வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. என்ன சட்டை, எந்த டாக்டர், சுவருக்கு என்ன பெயிண்ட், எல்லாம் மனைவி ஜெயா அக்கா சொல்வதுதான். அண்ணன் தலையாட்டுவார்.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் லேசாக அசைந்தது.

நான், அண்ணன், டெக்னீஷியன் அந்தோணி மூவருக்கும் சுங்கை ஊடாங்கில் ஒரே தொழிற்சாலை. என் காரில்தான் போவோம். ஒரு நாள் காலை பெம்பானில் தன் வீட்டு வாசலில் ஏறியதுமே அண்ணன் ஆரம்பித்தார்.

"அந்தோணி, அவ என்னைக் கூப்பிட ஒரு பெல் செய்யணும். டிஜிட்டலா, அனலாக்கா?"

"கடையில வாங்கலாமேண்ணே."

"வாங்கினேன்லா. அந்தச் சுவிட்சை அமுக்க அவளால முடியல."

அண்ணன் அதுவரை ஒயர் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்னைக் கையால் தொட்டதில்லை.

"டிஜிட்டல்னா ஒன்னு அடிக்கும், இல்லன்னா அடிக்காது. நடுவுல ஒன்னுமில்ல," என்றான் அந்தோணி. "அனலாக்னா கொஞ்சம் அமுக்குனா கொஞ்சம் சத்தம், நல்லா அமுக்குனா நல்ல சத்தம். ஆனா இரையும். பக்கத்துல பிரிட்ஜ் ஓடினாகூட அதுல கேக்கும். மொதமொதல்ல செய்யறீங்க, டிஜிட்டல்லயே போங்கண்ணே."

"சரி, டிஜிட்டல்."

ஆயர் கெரோ தாண்டுவதற்குள், "இல்ல, அனலாக்."

இப்படியே வாரக்கணக்கில் போனது. நான் ரேடியோ போடுவதையே விட்டுவிட்டேன்.

கடைசியில் அந்தோணி சொன்னபடி டிஜிட்டலில் செய்தார். அக்காவின் உள்ளங்கையில் ஒரு ஸ்பாஞ்சு. அதை அமுக்கினால் பெல் அடிக்க வேண்டும். எவ்வளவு அமுக்கினால் அடிப்பது என்று ஓர் அளவு வைக்க வேண்டியிருந்தது. கூட்டி வைத்தால் அக்காவின் பலம் அதை எட்டவில்லை. குறைத்து வைத்தால் போர்வை பட்டதற்கெல்லாம் அலறியது.

"அவ அமுக்கறா தம்பி. நான் பாக்கறேன். அந்த மெஷின் இல்லங்குது," என்றார் என்னிடம். மறுநாள் காரில் ஏறி, "அனலாக்," என்றார். கேள்வியாக இல்லை. எங்களுக்குத் தெரிந்து அவர் தானாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பெல் கொசு மாதிரி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அண்ணன் இரண்டு சட்டைகளை அக்காவிடம் தூக்கிக் காட்டினார். நீலத்துக்குச் சத்தம் ஏறவில்லை. வெள்ளைக்குக் கீச்சென்று ஏறியது.

"பாத்தியா, வெள்ளைதானாம்."

அக்காவுக்கு ஊட்டிய தேநீரில் சீனி கூடிப்போனபோது பெல் நீளமாகக் கத்தியது. "திட்டறா," என்றார், முகமெல்லாம் மலர. அக்காவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

சில மாதங்கள் அப்படி ஓடின. பிறகு ஒரு காலையில், "நேத்தைவிடக் கம்மியா கேக்குது," என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

"வால்யூமைக் கூட்டித் தரேண்ணே," என்றான் அந்தோணி.

"வேணாம்லா. கூட்டினா மெஷின் சத்தம்தான் கூடும். அவளோடது ஏறாது."

அக்கா கடைசியாக எப்போது அமுக்கினார் என்று அண்ணனுக்கே தெரியவில்லை. இரைச்சலுக்குள் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது என்றார்.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அன்று, "பேட்டரியைக் கழட்டிட்டேன்," என்றார். "யாரையும் கேக்கல."

அந்தோணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன வருடம் நான் மலாக்கா டவுனுக்கு வீடு மாறினேன். இப்போது பெம்பான் எனக்கு வழியில் இல்லை. தினமும் காலையில் அங்கே போய் அவரை ஏற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வீடு மாறியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.