அடுத்தது நம்ம வண்டிதான்

கடவுள் மனிதனுக்கு இரண்டு கால் கொடுத்ததே வரிசையில் நிற்பதற்குத்தான் என்று மனதார நம்பிய ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவர் பெயர் டோக்கன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அதைப் பார்த்தால் அவருக்கே ஒரு கணம் யாரோ என்று இருக்கும். பங்குச் சாமியாரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் டோக்கன் அண்ணன்தான்.

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையின் கேட்டில் அவருக்கு வேலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு வரும் டிராக்டர், மாட்டு வண்டி ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட டோக்கன் கொடுத்து யார்டில் நிறுத்துவார். நம்பர் கூப்பிட்டால் வண்டி எடை மேடைக்கு நகரும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அண்ணன் அதைச் செய்வதைப் பார்த்தால் கடைசித் தீர்ப்பு நாள் நம்ம கேட்டில்தான் நடக்கிறது என்று தோன்றும். கட்சிக்காரர் வண்டியானாலும் வரிசை, சொந்த மச்சான் வண்டியானாலும் வரிசை. மச்சான் கோபித்துக்கொண்டு நான்கு வருஷம் பேசவில்லை. அதற்கு அண்ணன் சொன்ன பதில், அவருக்கும் ஒரு முறை வரும், அப்போது பேசட்டும் என்பது.

ஆலையோடு விட்டாரா? மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் காலண்டர் தாளைக் கிழித்து நம்பர் எழுதிப் பந்திக்கு ஆள் விட்டார். பிரியாணி ஆறியதுதான் மிச்சம். அந்த மகள் எஸ்தர் பிறந்தபோது, பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு நர்ஸிடம் "நமக்கு முன்னாடி எத்தினி பேரு கீறாங்க?" என்று கேட்டவர் இவர். அவர் மனைவி அற்புதம் அக்கா அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுவார்.

நான் அதே ஆலையில் கரும்பு ஆபீஸில் எழுத்தர். குடியிருப்பில் அவர்களுக்கு அடுத்த வீடு. அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு, பொறுமைதான் கிடையாது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க எனக்கே நம்பர் கொடுத்த மனிதரிடம் எவ்வளவு பொறுமை காட்ட முடியும்?

என் வேலையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு விவசாயி நினைத்த நாளில் கரும்பை வெட்டி ஆலைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. ஆபீஸ் 'கட்டிங் ஆர்டர்' போட வேண்டும். போட்ட பிறகுதான் அரிவாளைத் தொடலாம். அந்த ஆர்டரை அச்சடித்துக் கொடுப்பது நான். ஆக, எங்கள் ஊரில் ஆர்டர் என்பது ஆபீஸிலிருந்து வருவது. நாமாகப் போடுவது அல்ல.

எஸ்தர் நர்சிங் முடித்துக் கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு டூட்டி, இறங்கி வர முடியாது. அண்ணனுக்கும் அரவைக் காலம், லீவு கிடையாது. அதில்தான் சிக்கல். வருஷா வருஷம் எஸ்தரின் கிறிஸ்துமஸ் துணியைக் கள்ளக்குறிச்சிக்குப் போய்த் தன் கையால் எடுப்பவர் அண்ணன். எடுப்பது எப்போதும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கும். கேட்டால் "வளர்ற பொண்ணு" என்பார். பொண்ணுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவளும் அந்தத் தொளதொளாவைப் போட்டுக்கொண்டுதான் இருபத்து நான்கு பூசைக்கும் போனாள்.

போனில் துணி வாங்கலாம் என்று அவள்தான் சொன்னாள். ஆப்பை இறக்கி, தமிழில் வைத்து, தன் மலை விலாசத்தையும் ஏற்றிக் கொடுத்தாள். பிடித்த துணியை வண்டியில் போடு, மற்றதை அதுவே சொல்லும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினாள். பஸ் ஏறும்போது சொன்னது எனக்கும் கேட்டது: "நீ எடுத்து அனுப்பறதத்தான் போடுவேன்ப்பா. நானா வேற எடுக்க மாட்டேன்."

மறுநாள் அண்ணன் போனை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். ஒரு மஞ்சள் சுடிதார் படம். அதன் கீழே 'வண்டியில் சேர்க்கவும்' என்று அச்சடித்த மாதிரி தமிழில் இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் அவர் பேசிய பாஷையை உலகம் இப்போதுதான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. அழுத்தினார். மூலையில் ஒரு குட்டி வண்டிப் படத்தின் தலையில் சிவப்பு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஒன்று என்ற நம்பர்.

"பாத்தியா தங்கச்சி, டோக்கனே குடுத்துட்டான். மொத நம்பரு. அடுத்தது நம்ம வண்டிதான்."

எனக்கும் அது டோக்கன் மாதிரியேதான் தெரிந்தது. என் போனில் நான் செய்தது காலை வணக்கம் அனுப்புவதும், வந்ததைத் திருப்பி அனுப்புவதும்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் பொய் சொல்ல முடியாது.

விஷயம் அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவியது. அரவைக் காலத்தில் எந்த வீட்டிலும் ஆண்களுக்கு லீவு இல்லை, எந்த வீட்டிலும் பண்டிகைத் துணி எடுக்கவில்லை. எப்படியும் வண்டி வருகிறது, நம்முடையதையும் ஏற்றிவிடலாமே என்று அண்ணன் வீட்டு வாசலில் கூட்டம். நம்பர் கொடுத்துத்தான் உள்ளே விட்டார், அதையும் சொல்ல வேண்டுமா. கொதிகலன் பிரிவு ஆளின் மனைவி இரண்டு மெத்தை விரிப்பும் ஒரு குக்கரும் சொன்னாள். அற்புதம் அக்காவுக்குச் சேலை, அண்ணனுக்குச் சட்டை, யாருக்கோ ஜொலிக்கும் நட்சத்திரம். எனக்குக் கிறிஸ்துமஸ் இல்லை, ஆனால் தள்ளுபடி எல்லா மதத்துக்கும் பொது. நான் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. சிவப்பு வட்டத்தில் பத்தொன்பது.

நேற்று ஒன்றாம் நம்பரில் நின்ற வண்டி பின்னுக்குத் தள்ளிப் பத்தொன்பதாம் நம்பருக்குப் போயிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? எவனோ உள்ளே புகுந்திருக்கிறான். ஒருவன் இல்லை, பதினெட்டுப் பேர். நாம் நிறுத்தி நிறுத்திச் சாமான் ஏற்றுகிறோம், அந்த நேரம் பார்த்து முந்துகிறார்கள் என்று அண்ணன் கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய கம்பெனியில் கேட்டுக்கு ஒரு ஒழுங்கான ஆள் இல்லையே என்று அவர் வருத்தப்பட்டது நிஜமான வருத்தம். விளக்கம் கேட்க எஸ்தருக்குப் போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. "அப்பா... வண்டி..." என்று இரண்டு வார்த்தை வரும், பிறகு காற்று இரைச்சல்.

ஒரு நாள் குழம்பினார். அடுத்த நாள் தன் சட்டையைத் தவறுதலாக 'நீக்கு' என்று அழுத்திவிட்டார். வட்டம் பதினெட்டானது. அண்ணன் சோதித்துப் பார்க்க அற்புதம் அக்காவின் சேலையையும் நீக்கினார். பதினேழு.

"பாரம் கம்மியானா வண்டி முன்னாடி நவுருது, தங்கச்சி" என்றார், ஏதோ ரகசியம் சொல்வது போல.

இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். மேட்டில் ஏறும் மாட்டு வண்டியைப் பார்த்த யாருக்கும் இது நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

அதன் பிறகு அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினார். இந்த வருஷம் விட்டுக்கொடுங்கள், எஸ்தர் துணி பண்டிகைக்குள் மலை ஏறியாக வேண்டும் என்று கேட்டார். எஸ்தர் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஊசி போட்டவள், பிரஷர் பார்த்தவள். அதனால் பெரிதாக யாரும் முறைக்கவில்லை. மெத்தை விரிப்பு இறங்கியது. குக்கர் இறங்கியது. நட்சத்திரம் இறங்கியது. கடைசியில் இரண்டு என்ற நம்பரில் வந்து நின்றது. மிச்சம் இருந்தது மஞ்சள் சுடிதாரும் என் கத்தரிப்பூ சேலையும்.

நான் சண்டை போட்டேன். மறைக்கவில்லை. ஊரெல்லாம் வரிசை வரிசை என்று உயிரை வாங்கிவிட்டு இப்போது சொந்த மகளுக்காக என் சேலையை இறக்கச் சொல்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்படி நிற்கிற ஆளிடம் எப்படிச் சண்டையைத் தொடர்வது? "இறக்கித் தொலைங்கண்ணே" என்றேன்.

வட்டத்தில் ஒன்று. அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதோடு வண்டி நின்றுவிட்டது. ஒரு நாள் ஒன்று, மறுநாளும் ஒன்று, நான்காம் நாளும் ஒன்று. நடுவில் ஆப்பிலிருந்து ஒரு செய்தி வேறு: 'உங்கள் வண்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது!' அது காத்திருப்பது அண்ணனுக்கும் தெரிந்ததுதானே, யார் அனுப்ப வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கேட்டில் டிராக்டருக்கு டோக்கன் கிழித்துக்கொண்டே ஒரு கண்ணைப் போனில் வைத்திருப்பார். எடை மேடையில் முன் வண்டி ஏதோ மக்கர் செய்கிறது போல என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை என்று அற்புதம் அக்கா சொன்னார்.

இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். மலைமேல் ஏதோ ஒரு பாறையில் ஏறி நின்றிருக்கிறாள், குரல் தெளிவாக இருந்தது. அப்பா போனை எடுக்கவில்லையாம். பார்சல் இன்னும் வரவில்லை, ஆர்டர் நம்பர் என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா? ஒண்ணுன்னா இன்னா அத்தை?"

முழுக் கதையையும் சொன்னேன். முதலில் சிரித்தாள், அடங்கவே இல்லை. அப்புறம் அது டோக்கன் இல்லை, வண்டியில் எத்தனை சாமான் இருக்கிறது என்கிற கணக்கு என்றாள். எனக்குக் காது சூடேறியது. சும்மா இருந்த சேலையை இறக்கியிருக்கிறேன். கடைசியில் அவள் குரல் இறங்கிப்போய், "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை. நான் பழசே போட்டுக்கறேன்" என்றாள்.

சொல்லாமல் எப்படி இருப்பது? நேரே கேட்டுக்குப் போனேன். அண்ணே, வண்டி கிளம்பவே இல்லை, இந்த ஆரஞ்சு நிறக் கட்டத்தில் 'ஆர்டர் செய்க' என்று இருக்கிறதே, இதை அழுத்தியிருக்க வேண்டும் என்றேன்.

அண்ணன் கட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத மொத நாளே பாத்தேன். ஆர்டர் போடறது ஆபீஸு. நான் கேட்டு. நான் எப்பிடி ஆர்டர் போடறது?"

இருபத்தேழு வருஷம் அந்தக் கேட்டில் நின்றவர், ஒரு நாளும் தன் அதிகாரத்துக்கு மேல் ஒரு விரலை நீட்டாதவர், மகளின் துணிக்கும் நீட்டவில்லை. போனை என்னிடம் நீட்டி, நீதான் ஆபீஸ், நீயே போடு என்றார். போட்டேன். பார்சல் இருபத்து எட்டாம் தேதி சேரும் என்று வந்தது.

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு டோக்கன் கட்டை என் கையில் வைத்தார். அரவை நடக்கும்போது அவர் கேட்டை விட்டு இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மச்சான் வண்டி வந்தாலும் வரிசைதான் என்று சொல்லிவிட்டுச் கள்ளக்குறிச்சிக்குப் போகச் சங்கராபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாற்று ஆள் வரும் வரை நான்தான் கேட். பேனா பிடிக்கிற கையால் டிராக்டர்காரர்களை மிரட்டினேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு நடந்ததை அண்ணனே சொன்னார். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் மஞ்சளிலேயே ஒரு சுடிதார் கிடைத்துவிட்டது. பில் போடும் இடத்தில் முப்பத்திரண்டு பேர். எண்ணியிருக்கிறார், எண்ணாமல் இருப்பாரா. மலை பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது, அதை விட்டால் அடுத்தது மறுநாள். இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார். அப்புறம் வரிசையை விட்டு விலகி முன்னால் நடந்தார்.

"எம் பொண்ணு மலையில தனியா கீதுங்க. இத அதுகிட்ட சேக்கணும். கொஞ்சம் வழி வுடுங்க."

எல்லோரும் விலகிவிட்டார்கள். "ஒருத்தர் கூடத் திட்டல தங்கச்சி" என்று என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் தேவலாம் போல. இந்தப் பாவத்தைச் சாமியாரிடம் போய் அறிக்கையிட்டிருக்கிறார். சாமியார் சிரித்துவிட்டாராம், அதில் அண்ணனுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்.

கச்சிராயபாளையம் தாண்டி வளைவெல்லாம் ஏறி மத்தியானம் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால், காய்ச்சல்காரர்கள் வராண்டா முழுக்க வரிசையில் இருக்கிறார்கள். நர்ஸம்மாவின் அப்பா என்று தெரிந்ததும் உள்ளே போகச் சொன்னார்கள். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். ஒரு நாளில் ஒரு பாவம் போதும் என்று கடைசி ஆளாக நின்றிருக்கிறார். எஸ்தர் உள்ளே தலை நிமிராமல் ஊசி எடுத்துக்கொண்டே "அடுத்தது வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். நிமிர்ந்தால் எதிரே அப்பா, கையில் துணிப் பை. அதற்கு மேல் இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று படம் அனுப்பினாள். மஞ்சள் சுடிதார், தோளிலிருந்து வழிகிறது. இருபத்து எட்டாம் தேதி பார்சலும் போய்ச் சேர்ந்தது. அதுவும் ஒரு சைஸ் பெரிது.

அண்ணன் ஓய்வு பெற்று, அற்புதம் அக்காவோடு மகளிடம் மலைக்கே போய்விட்டார். சுகாதார நிலைய வாசலில் தினமும் காலையில் யாரும் கேட்காமலே டோக்கன் கொடுப்பதாகக் கேள்வி. எனக்கு இப்போது ஆப் எல்லாம் அத்துப்படி, உப்பு முதல் சேலை வரை அதில்தான். ஆனால் அந்தக் கத்தரிப்பூ சேலையை மட்டும் வண்டியில் போட்டு வைத்திருக்கிறேன், ஆர்டர் செய்யவில்லை. சிவப்பு வட்டத்தில் ஒன்று என்று இருந்தால் போதும், பக்கத்து வீட்டில் அண்ணன் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கிறது.