சொல்தாவின் சீட்டுகளுக்குத் துணி தைத்தேன்

எழுத்து எனக்குத் தொழில் இல்லை. எட்டாவது வரை படித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன், ஊரே படிக்கிற பத்திரிகையில் வந்து பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்தாவைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள் என்று இத்தனை வருஷம் காத்திருந்து பார்த்தேன். யாரும் எழுதவில்லை.

உலகத்தில் பிறந்த குறிகாரர்களிலேயே, குறி கேட்க வந்த ஒருவருக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர் சொல்தா ஒருவர்தான். கல்யாணம் நடக்குமா என்றால் நடக்காது. பிள்ளை பாஸாகுமா என்றால் ஆகாது. மழை வருமா என்று கேட்டவர் நனைந்துகொண்டே கேட்டாலும் வராது என்பார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். வில்லியனூரைச் சுற்றி அப்படிப் பல பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் சொல்தா என்றால் இவர்தான். இவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குச் சாமியாருக்கு மட்டுமே தெரியும். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு அவர் ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு தொப்பி, ஒரு இருமல், எழுபத்தெட்டுச் சீட்டுகள். தாரோ என்பார். குறி பார்க்கிற சீட்டு.

அந்தச் சீட்டுகளை வரைந்தவன் யாரோ தெரியாது. துணி என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு சீட்டில் ராஜா தலையில் கிரீடம் மட்டும் வைத்திருப்பார், மற்றபடி காற்றோட்டமாக உட்கார்ந்திருப்பார். ஒன்றில் செத்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து, முதல் வேலையாகப் பக்கத்துக் கல்லறைப் பெண்ணைக் கட்டிக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட மோசம் ஆயர் சீட்டு, அதாவது பிஷப் படம். ஆயர் தொப்பியோடு ஒருவர், அவர் மடியில் ஒரு கன்னியாஸ்திரி. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

சொல்தா தன் வீட்டு வாசலில் புங்கமரத்தடியில் ஒரு மேசை போட்டு, தொப்பியோடு உட்காருவார். எதிரில் என் கடை. அதனால் எல்லாம் எனக்குக் கேட்கும்.

ஒருமுறை உறுவையாற்றுக் கரும்புக்காரர் ஒருவர் வந்தார்.

"போர் போடலாம்னு கீறேன் சொல்தா. தண்ணி வருமா?"

கரும்புக்காரர் ஒரு சீட்டு எடுத்தார். ஒரு பெண் உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் ரெண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற படம்.

"வராது."

"இன்னாய்யா, சீட்டுல ஆறே ஓடுது."

"அவ கீழ கொட்டிட்டா. தீந்துபோச்சு."

போர் போட்டார்கள். தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியது. கரும்புக்காரர் வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிக்காட்டினார். சொல்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நின்னுபூடும்" என்றார்.

அவர் சொன்னது எதுவும் நடந்ததில்லை. நடக்காது என்றது நடந்தது, பிழைக்காது என்றது பிழைத்தது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. காரணம் குறி இல்லை, படம். சுத்துக்கேணியிலிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்து வருவார். எருமை காணோம், எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். நாலு மாதம், வாராவாரம் அதே எருமை. ஒருநாள் சொல்தாவே கேட்டுவிட்டார்.

"எருமை வூட்டுலதான கட்டிக்கீது?"

"ஆமா சொல்தா. ஆனா எப்பவாச்சும் காணாம பூடுச்சின்னா?"

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கண்டிக்க வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டு எழுபத்தெட்டையும் பார்த்தார். "ரொம்ப ஆபாசம்" என்றார். பிறகு, எவ்வளவு ஆபாசம் என்று சரியாகத் தெரிந்தால்தான் கண்டிக்க முடியும் என்று சொல்லி, முதல் சீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மேலத்தெரு நிலக்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்க தேர்ல செதுக்கி வெச்சதுல இது பாதிகூட இல்ல" என்று போய்விட்டார்.

அவருக்குத் தேர் இருந்தது. எங்களுக்குப் பங்குச் சாமியார் இருந்தார்.

சொல்தாவுக்கு ஒரே மகள், செலின். தாய் இல்லாத பெண். அவளைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை, ஆனால் எழுதாமல் மேலே போகமுடியாது. பெண்களுக்கு டேப் வைத்து அளவெடுக்க எனக்கு வெட்கம். எல்லோரிடமும் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு வாங்கிக்கொள்வேன். செலினிடம் அதைக் கேட்கவும் வெட்கம். அவளாகவே காகிதத்தில் சுற்றி மிஷின்மேல் வைத்துவிட்டுப் போவாள். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. சொல்தாவை நான் மாமா என்று கூப்பிட்டேன். என்னால் முடிந்த தைரியம் அவ்வளவுதான். அவர் மகள் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள்.

இரண்டு வரன் வந்து, சீட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போயின. செலினுக்கு இருபத்தேழு வயது ஆகிவிட்டது. மூன்றாவதாகப் பாகூரிலிருந்து வந்த வரன் நிச்சயம் வரை போனது. கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலையும் வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பதுதான் ஓலை. இரண்டு ஞாயிறும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஓலைக்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா காதுக்குச் சீட்டு விஷயம் போய்விட்டது. பாகூர்க் கோயிலில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி அந்த அம்மா. சனிக்கிழமை நேரில் வந்து சீட்டுகளைப் பார்ப்பேன், அசிங்கமாக இருந்தால் மூன்றாம் ஓலை வாசிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சாமியார் சொல்தாவைக் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். "இன்னிக்கே எரிச்சிப் போடு. இல்லாட்டி அதுங்களுக்கு மானமா ஒரு துணியாச்சும் போடு."

சாமியார் கோபத்தில் சொன்னார். சொல்தா பட்டாளத்துக்காரர். அவருக்கு இரண்டு உத்தரவு வந்திருந்தது, இரண்டாவதை நிறைவேற்றுவது என்று முடிவு செய்துவிட்டார். நேரே என் கடைக்கு வந்து சீட்டுக்கட்டை மிஷின்மேல் வைத்தார்.

"டெய்லரு, இவங்களுக்கெல்லாம் துணி தைக்கணும்பா."

"எவங்களுக்கு மாமா?"

"ஆம்பள பத்தொம்பது. பொம்பள இருவத்தாறு. ஒரு சாத்தான்."

வாழ்க்கையில் ஒரு பெண்ணைக்கூட நிமிர்ந்து பார்க்காத நான், மூன்று நாள் பகல் முழுதும் இருபத்தாறு பேரை அரையடி தூரத்தில் வைத்து வேலை செய்தேன். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், பாப்ளின், லைனிங் துணி, மைதாப் பசை. சொல்தா பக்கத்தில் உட்கார்ந்து பசை கலக்கினார். சாத்தானிடம் வந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். அதற்குத் தாடியும் இருந்தது, மார்பும் இருந்தது.

"வேட்டியா மாமா, புடவையா?"

தாடியைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார். "டவுசர் போட்டு, மேல தாவணி போத்திடு."

இரண்டாம் நாள் நான் கேட்டேன். "இவ்வளவு பாடு எதுக்கு மாமா? எரிச்சிட்டா முடிஞ்சிது."

பசையைக் கலக்கிக்கொண்டே சொன்னார். பட்டாளத்தில் அவரோடு இந்தப் பக்கத்துக் கொம்யூன் ஊர்களிலிருந்து போனவர்கள் ஏழு பேர். ரோந்துக்குப் புறப்படும்போது ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுத்துக் கொடுப்பார்கள். இவர் பார்த்து, நல்லபடியாகத் திரும்புவாய் என்பார். ஆறு பேரிடம் அப்படிச் சொன்னார். ஆறு பேரும் திரும்பவில்லை. ஏழாவது ஆள் இவருடைய சிகரெட்டைத் திருடிக் குடித்துவிட்டான். அந்தக் கோபத்தில், நீ செத்துத்தான் போவாய் என்றார்.

"அவன் காரைக்கால்ல கீறான். எட்டுப் புள்ள."

அதற்கப்புறம் யாருக்கும் நல்லது சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எப்படிப்பா எரிக்கறது? அவனுங்க கை பட்ட சீட்டு."

ராணிக்குப் புடவைக் கொசுவம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை செலின் வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா ஒட்டுண்ணே" என்றாள். "இதுவும் போச்சின்னா இனி ஒருத்தரும் வரமாட்டாங்க."

கடைசியாக ஆயர் சீட்டு. கல்யாணப் பாவாடை தைத்ததில் மிஞ்சிய ஊதா சாட்டின் துண்டில் ஆயருக்கு நீள அங்கி வெட்டினேன். கன்னியாஸ்திரி முழுவதும் அதற்குள் மறைந்துவிட்டாள். நல்ல வேலைப்பாடு. ஆனால் பசையை மேல் மூலையில் ஒரு சொட்டு மட்டும்தான் வைத்தேன். கை தவறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கை தவறவில்லை.

சனிக்கிழமை காலை பாகூர் அம்மா வந்தார். புங்கமரத்தடி மேசையில் சீட்டுகளை அடுக்கி வைத்தோம். எல்லோரும் பெருநாள் பூசைக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருந்தார்கள். அந்த அம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். பசைக்கு எச்சில் ஆகாது.

ஒரு ராணியில் நின்றார். "இவளுக்கு இன்னா, கழுத்து இவ்ளோ எறக்கம்?"

"அது ராணிம்மா" என்றார் சொல்தா.

"ராணின்னா?" என்று முறைத்துவிட்டுத் தள்ளினார். சாத்தானைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார், தாவணியை ஆட்சேபிக்கவில்லை. அடுத்தது ஆயர் சீட்டு. கட்டைவிரல் நாக்குக்குப் போனது.

கதவோரம் செலின் காபித் தம்ளரோடு நின்றாள். அவள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. ஆயர் சீட்டையும் பார்க்கவில்லை. தம்ளரில் இருந்த காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஆடாமல் இருக்கவேண்டும் என்பதுபோல.

நான் எட்டிச் சீட்டைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"இது காயலம்மா. ஈரம். கையில ஒட்டிக்கும்."

முன்பின் தெரியாதவர் முன்னால் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

"அது இன்னா சீட்டு?"

"ஆயருங்கம்மா."

"பூசை உடுப்பு போட்டுக்கீறாரா?"

"போட்டுக்கீறாரும்மா. நான்தான் தைச்சேன்."

"அப்ப சரி" என்றார். காபியை வாங்கிக் குடித்தார். போகும்போது, கை வேலை சுத்தமாக இருக்கிறது, கல்யாண ரவிக்கையை இவனிடமே கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

சொல்தா கை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன். அவர் விரல் பட்டதும் ஊதா அங்கி கழன்று மேசையில் விழுந்தது. ஆயரைப் பார்த்தார். அந்த ஒரு சொட்டுப் பசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆறு வருஷமாக நான் கூப்பிட்ட மாமா அப்போதுதான் அவருக்குக் கேட்டது என்று நினைக்கிறேன்.

"ஏன்டா சொல்லல?"

நான் ஊதா அங்கியை எடுத்து மடித்தேன்.

"உட்காரு. ஒரு சீட்டு எடு."

அதுவரை நான் அவரிடம் குறி கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணும் நடக்காதுடா. கல்யாணம் நடக்காது. தனியாத்தான் கெடப்ப. ஒரு நல்லதும் நடக்காது."

இன்னும் என்னென்ன நடக்காது என்று தேடித் தேடிச் சொன்னார். கடைசி வரை கையை விடவில்லை.

அவர் சொன்னதில் பலித்தது அந்த ஒன்றுதான். அதில் எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. அத்தனை பிரியமாக என்னிடம் வேறு யாரும் எதுவும் சொன்னதில்லை.

மறுநாள் ஞாயிறு. மூன்றாம் ஓலை வாசித்தார்கள். மழை என்பதால் கோயிலில் கூட்டம் குறைவு.