மாப்ள கிரவுண்டு

கைதட்டல் கேட்டால் எனக்குப் புத்தி கழன்றுவிடும். பிறவிக் கோளாறு. பூலாம்பாடியில் பள்ளி ஆண்டு விழாவுக்கு நன்றியுரை சொல்ல ஏற்றிவிட்டால், பந்தலுக்குள் எட்டிப் பார்த்த கன்றுக்குட்டி வரைக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். பிறகு பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஆடி மாதம் ஆட்டோவில் ஊரைச் சுற்றி, "ஒரு சேலை எடுத்தா ஒரு சேலை இலவசம்" என்று கத்துகிற குரல் என்னுடையதுதான். (முதலாளி சேலை என்பதால் எனக்கு வலிக்கவே இல்லை.)

ஆண்டிமடம் பக்கம் பெண்ணெடுத்தேன். கல்யாணமான முதல் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனால், ஊரே துக்கவீடு மாதிரி இருந்தது. புது ரோடு வரப்போகிறது. அது கபடி கிரவுண்டின் மேல்தான் போகிறது. அளந்தவர்கள் நட்ட கல் ஆடுகளத்தின் நடுக்கோட்டிலேயே நின்றது. யாருக்கும் முட்டி பேர்ந்துவிடக் கூடாதென்று பையன்கள் அதற்குச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். "வேற எடம் காட்டுங்க, மண்ணடிச்சுத் தரோம்" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். அந்த வேறு இடம்தான் எங்கேயும் அகப்படவில்லை. காணும் பொங்கலன்று நடக்கப்போவது கடைசிப் போட்டி.

என் மாமனார் அதிகம் பேசமாட்டார். ஊருக்கு மேற்கே அவருக்கு ஒரு முந்திரிக் கொல்லை இருந்தது. புயலில் மரம் அத்தனையும் சாய்ந்த பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர், ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு, ஆடியில் நடப்போகிற ஒட்டுக்கன்றுகளுக்கு மார்கழியிலேயே தன் கையால் குழி வெட்டி வைத்திருந்தார். நான் போன அன்றைக்கே கூட்டிப்போய் ஒவ்வொரு குழியாகக் காட்டினார். வெறும் குழியை அத்தனை ஆசையாகக் காட்டிய மனுஷரை நான் பார்த்ததில்லை. கபடிப் பையன்கள் அந்தக் கொல்லையைக் கேட்டு வந்தபோது, "அது மட்டும் வேணாம் தம்பிங்களா" என்று மோர் கொடுத்து அனுப்பியதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகையால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை.

போட்டியன்று மேடையில் மாமனாருக்கு முன்வரிசை நாற்காலி. இறுதி ஆட்டத்துக்கு முன்னால், "நம்மூரு புது மாப்ள ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஜெயிக்கிற அணிக்கு என் செலவில் ஒரு வாழைத்தார் என்றேன். கைதட்டல். ரெண்டு அணிக்கும் எங்கள் கடையிலிருந்து பனியன் என்றேன். (முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.) விசில். முன்னால் உட்கார்ந்திருந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆடித் தள்ளுபடி விழித்துக்கொண்டது.

"கிரவுண்டு போகுதேன்னு யாரும் கலங்காதீங்க! என் மாமாவோட மேலக் கொல்லை இன்னையிலேருந்து உங்க கிரவுண்டு! முற்றிலும் இலவசம்!"

கூட்டம் எழுந்த எழுச்சியில் பந்தக்கால் ஆடியது. மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து ஊரைப் பார்த்துக் கும்பிட்டார். பையன்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி கயல்விழி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஸ்பீக்கரையும் மீறி எனக்குக் கேட்டது.

அன்றைக்குச் சோறு போட்ட அத்தை, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கவில்லை. மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கயல்விழி மட்டும் பேசினாள். "அந்தக் கொல்லைக்குப் போக ஆரம்பிச்சப்புறந்தாங்க எங்கப்பா பழையபடி சிரிச்சாரு."

காலையில் கொல்லைக்கு ஓடினேன். மாமனார் குழியை மூடிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஊருல எல்லார் கால்லயும் வுழுந்து சொல்லிடறேன். நான்தான் ஒளறிட்டேன்னு."

அவர் நிமிரவில்லை. "பசங்க என்னைத் தூக்குனாங்களே, பாத்தீங்களா மாப்ள?"

"பாத்தேன் மாமா."

"என் கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் தூக்கல. எறக்கிவுட்டப்புறம் இல்லைன்னு எப்படிச் சொல்றது?" கொஞ்சம் மண்ணைத் தள்ளினார். "நடுவுல இருக்கற குழிய மட்டும் மூடுவோம். ஓரத்துக் குழியெல்லாம் கெடக்கட்டும். அந்த மம்முட்டிய எடுங்க."

எடுத்தேன். சேலை மடித்துப் பழகிய கை, பத்து மணிக்கே கொப்புளித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கபடிப் பையன்களும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். பாதிக் குழி மூடியிருக்கும், அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பழைய கிரவுண்டின் மேல் இப்போது பஸ் பறக்கிறது. புது கிரவுண்டைச் சுற்றி முந்திரி நிற்கிறது. தோற்கிற அணி மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மாமனார் போட்ட சட்டம். எங்கள் ஊர் அணி அடிக்கடி தோற்பதால் மரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளின் காதுகுத்தில் மைக்செட்டுக்காரர் என் பக்கம் திரும்பியதுதான் தாமதம், அத்தை குறுக்கே வந்துவிட்டார். "அவருகிட்ட குடுத்துடாதீங்க தம்பி, பந்தில உக்காந்திருக்கவங்களையும் சேத்துக் குடுத்துடுவாரு!"

இதில் பெரிய அநியாயம், அந்த இடத்துக்கு ஊர் வைத்த பெயர் மாப்ள கிரவுண்டு. போன மாதம் நானும் மாமனாரும் டீக்கடையில் நிற்கும்போது, வெளியூர் அணி ஒன்று வேனில் வந்து வழி கேட்டது. மாமனார் கையைக் காட்டிவிட்டு, "இவருதான் எடத்தக் குடுத்த மாப்ள" என்று என்னையும் காட்டினார்.

எனக்குக் கூசிப்போனது. "என்ன மாமா, குடுத்தது நீங்கதானே?"

"நான் வச்சிருந்தேன் மாப்ள. குடுத்தது நீங்கதான்."

வேனில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள். மாமனார் அவசரமாக என் கையைப் பார்த்தார். டீ கிளாஸ் மட்டும்தான் இருந்தது.